பில் போடும் மென்பொருளுக்கு ஆன்லைன் அப்டேட் வைக்கலாமா?

கேள்வி: மளிகை, மருந்து, ஹார்டுவேர் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றைத் தனி ஆளாக எழுதி விற்கிறேன். விபி டாட்நெட்டில் எழுதியது. டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். அறுபதுக்கும் மேற்பட்ட கடைகளில் ஓடுகிறது. சின்னத் திருத்தம் என்றாலும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போகிறேன். தூரத்துக் கடைகளுக்கு எனிடெஸ்க் போட்டு மாற்றித் தருகிறேன். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது ராத்திரி பகலாக அலைந்தும் எல்லோரிடமும் போய்ச் சேர முடியவில்லை. சில கடைகளில் பழைய விகிதத்திலேயே பில் போயிருக்கிறது. மென்பொருளைத் திறந்ததும் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று அதுவே இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ளும்படி செய்ய ஆசை. "சர்வரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைப் போட்டு நம்பரை ஒப்பிட்டால் முடிந்தது, பத்து வரி கோடு" என்கிறார் நண்பர். அவ்வளவுதானா? தனியாக சர்வர் புரோகிராம் எழுத வேண்டுமா? கடைக்காரரைக் கேட்காமலேயே இன்ஸ்டால் ஆகும்படி வைத்துவிடலாமா?

— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வரி போதும். ஆனால் அந்தப் பத்து வரியோடு நீங்கள் வேறொன்றையும் செய்கிறீர்கள். அறுபது கடைகளின் கணினியிலும், நீங்கள் அனுப்புவதைத் திறந்து ஓட்டும் உரிமையை ஒரு இணைய முகவரிக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். நாளை அந்த முகவரி யார் கைக்குப் போனாலும் உரிமையும் அவர் கைக்குப் போகும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் தொழிலுக்கு மிக அருகில் நடந்த ஒன்று இருக்கிறது. உக்ரைனில் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருள், வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்காக அங்குள்ள நிறுவனங்கள் பரவலாக வைத்திருந்தது. அதை எழுதிய கம்பெனியின் அப்டேட் சர்வருக்குள் ஆட்கள் புகுந்தார்கள். 2017 ஏப்ரலிலேயே வழக்கமான அப்டேட்டுக்குள் ரகசிய வழி ஒன்றை ஒளித்துவைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவு எண்ணும் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்ததால், எந்தக் கணினி எந்த நிறுவனத்துடையது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. ஜூன் 27ஆம் தேதி அதே வழியாக நாட்பெட்யா என்ற நாசநிரலை இறக்கினார்கள். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் மட்டும் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டிவந்தது. உலகம் முழுக்க நட்டம் 1,000 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது. எம்.இ.டாக்கை வைத்திருந்தவர்கள் செய்த ஒரே காரியம், கணக்கு மென்பொருளின் அப்டேட்டை ஏற்றுக்கொண்டது.

உங்கள் அறுபது கடைகளை நாடு விட்டு நாடு வந்து யாரும் குறிவைக்க மாட்டார்கள். ஆனால் மலிவான ஹோஸ்டிங் கணக்குகளின் பாஸ்வேர்டைத் திருடி, கிடைக்கிற எக்ஸ்இ கோப்பையெல்லாம் மாற்றி வைக்கிற கூட்டம் எங்கும் இருக்கிறது. அது ஆள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் அப்டேட் வசதியை வையுங்கள், கட்டாயம் வையுங்கள், முறையாக வையுங்கள் என்பதுதான் என் பதில்.

முதலில் எளிய பகுதி. சர்வர் புரோகிராம் எதுவும் வேண்டாம். உங்கள் சொந்த டொமைனில், ஹெச்டிடிபிஎஸ் முகவரியில், ஒரு சிறிய ஜேசான் கோப்பு போதும். அதில் புதுப் பதிப்பின் எண், இன்ஸ்டாலரின் முகவரி, அதன் அளவு, எஸ்ஹெச்ஏ-256 எண், என்ன மாறியிருக்கிறது என்று தமிழில் இரண்டு வரி. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கிட்ஹப்பில் வைத்து அதன் ஏபிஐயைக் கேட்கலாமே என்று தோன்றும். உள்நுழையாமல் கேட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 தடவைதான் பதில் தரும். ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் அது மாட்டும். இன்ஸ்டாலரை அங்கே வைத்துக்கொள்ளலாம். கேட்கும் முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒருமுறை வெளியே போன எக்ஸ்இக்குள் அந்த முகவரி கல்வெட்டு மாதிரி நின்றுவிடும். ஐந்து வருடம் கழித்து பழைய பதிப்பு ஒன்று அதே முகவரியில்தான் வந்து கேட்கும். டொமைன் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால், அதை வேறொருவர் வாங்கிக்கொண்டு உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வார்.

எண்ணை ஒப்பிடுவதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. 1.9 என்ற பதிப்புக்குப் பிறகு 1.10 வெளியிடுகிறீர்கள். இரண்டையும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 9 என்பது 1ஐ விடப் பெரிய எழுத்து, 1.9தான் புதியது என்று நிரல் முடிவு செய்துவிடும். 1.9 ஓடுகிற கடைகளுக்கு அதன் பிறகு அப்டேட்டே வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. டாட்நெட்டில் இதற்கென்றே வெர்ஷன் என்ற கிளாஸ் இருக்கிறது. அது பகுதி பகுதியாக எண்ணாகவே ஒப்பிடும். அதிலும் ஒரு நுணுக்கம். 1.10 என்பதையும் 1.10.0 என்பதையும் அது சமமாக எடுத்துக்கொள்ளாது. குறிப்பிடாத பகுதியைச் சுழியத்தைவிடச் சிறியதாக வைத்துக்கொள்ளும். நிரலுக்குள் 1.10 என்றும் சர்வரில் 1.10.0 என்றும் எழுதிவிட்டால், இன்ஸ்டால் செய்து முடித்த கடையிலும் தினமும் "புதுப் பதிப்பு வந்திருக்கிறது" என்று வந்துகொண்டே இருக்கும். நான் பரிந்துரைப்பது, ஒப்பிடுவதற்கு 41, 42, 43 என்று ஏறுகிற ஒற்றை எண்ணை வைத்துக்கொள்வது. கடைக்காரர் கண்ணில் படும் 1.10 என்பது வெறும் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

எப்போது கேட்பது? நாளுக்கு ஒருமுறை போதும். திறந்தவுடன் கேட்கலாம், ஆனால் பில் திரை வந்த பிறகு, பின்னணியில். டாட்நெட்டின் ஹெச்டிடிபி கிளையன்ட் பதில் வராவிட்டால் வழக்கமாக 100 வினாடி காத்திருக்கும். காலையில் கடை திறந்து முதல் வாடிக்கையாளர் நிற்கும்போது திரை 100 வினாடி உறைந்து நின்றால், அந்தக் கடைக்காரர் உங்களை மறக்க மாட்டார். பத்து வினாடி என்று குறைத்துவிடுங்கள். நெட் இல்லை, சர்வர் பதில் சொல்லவில்லை, வந்தது ஜேசானே இல்லை — எதுவானாலும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னது அபூர்வம் இல்லை. ஹோஸ்டிங் சந்தா முடிந்தால் உங்கள் கோப்பு இருந்த இடத்தில் ஹோஸ்டிங் கம்பெனியின் விளம்பரப் பக்கம் வந்து நிற்கும், "எல்லாம் சரி" என்ற குறியீட்டோடு.

கடைகளில் பழைய கணினிகள் இருப்பதால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. இன்றைய சர்வர்கள் டிஎல்எஸ் 1.2க்குக் கீழே பேச மறுக்கின்றன. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.5ஐ நம்பி எழுதிய நிரல் தானாக அதைப் பேசாது. விண்டோஸ் 7இலும் அது வழக்கத்தில் அணைந்தே கிடக்கும். "டிஎல்எஸ் 1.2 பயன்படுத்து" என்று நிரலில் வெளிப்படையாக ஒரு வரி எழுதுங்கள். இன்னொன்று, மதர்போர்டில் சிமாஸ் பேட்டரி செத்துப்போன கணினி. மின்சாரம் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் உங்கள் சர்வரின் சான்றிதழ் பிறக்கவே இல்லை என்பதால் இணைப்பு மறுக்கப்படும். இந்த ஒரு பிழைக்கு மட்டும் அமைதி காக்காமல், "கணினியின் தேதியைச் சரிபாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தேதி தவறென்றால் பில்லிலும் தவறான தேதிதான் போய்க்கொண்டிருக்கும்.

இனி முக்கியமான இடம், கையொப்பம்.

ஹெச்டிடிபிஎஸ் இருக்கிறது, எஸ்ஹெச்ஏ-256 எண்ணும் ஜேசானில் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று பலர் கேட்கிறார்கள். ஹெச்டிடிபிஎஸ் வழியில் யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளும். சர்வருக்கு உள்ளேயே மாற்றினால் மாற்றிய கோப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். இன்ஸ்டாலரை மாற்ற முடிந்தவனுக்கு, அதே சர்வரில் பக்கத்தில் இருக்கும் ஜேசானைத் திறந்து எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்? டவுன்லோடு பாதியில் அறுந்ததா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த எண் உதவும்.

அதனால் சர்வருக்கு வெளியே ஒரு ரகசியம் இருக்க வேண்டும். ஒரு ஜோடிச் சாவியை உருவாக்குங்கள். பொதுச் சாவி மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும். ரகசியச் சாவி உங்களிடம், பாஸ்வேர்டு போட்டு, இன்டர்நெட்டில் படாத ஒரு பென்டிரைவில். நகல் ஒன்று வேறு இடத்தில். வெளியிடும்போது ஜேசான் கோப்பு முழுவதற்கும் அந்த ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, கையொப்பத்தைத் தனிக் கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள். மென்பொருள் முதலில் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சரியென்றால்தான் ஜேசானையே படிக்கும். அதில் உள்ள எஸ்ஹெச்ஏ எண் இறங்கிய இன்ஸ்டாலரோடு பொருந்தினால்தான் அதை ஓட்டும். இப்படிச் செய்தால் ஹோஸ்டிங் கணக்கு முழுதாகப் பறிபோனாலும் உங்கள் கடைகளுக்கு வேறொருவர் நிரலை அனுப்ப முடியாது.

மேக் கணினிகளில் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஸ்பார்க்கிள் என்ற அப்டேட் நூலகமும் இதைத்தான் செய்கிறது, எட்25519 என்ற கையொப்ப முறையால். விண்டோஸுக்கு வின்ஸ்பார்க்கிள் இருக்கிறது. சொந்தமாக எழுதுவதென்றால், டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எட்25519 உள்ளமைவாக இல்லை, ஆர்எஸ்ஏ இருக்கிறது. 3072 பிட் ஆர்எஸ்ஏ சாவியும் எஸ்ஹெச்ஏ-256உம் உங்கள் தேவைக்குத் தாராளம். கையொப்பக் கணக்கை மட்டும் நீங்களாக எழுத முயல வேண்டாம்.

மூன்று சின்னக் காவல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுகிற எண்ணைவிடக் குறைந்த எண்ணை, கையொப்பம் சரியாக இருந்தாலும், ஏற்கக் கூடாது; ஓட்டை உள்ள உங்கள் பழைய பதிப்பையே யாராவது திரும்ப அனுப்பலாம். மென்பொருளுக்குள் ஒன்றுக்கு இரண்டாகப் பொதுச் சாவிகளைப் பதித்து, இரண்டாவதன் ஜோடியைத் தொடாமல் பூட்டிவையுங்கள். முதல் சாவி தொலைந்தால் அறுபது கடைகளுக்கும் மறுபடி நேரில் போக வேண்டியிருக்காது. பில்ட் செய்கிற கணினியில் கிராக் செய்த மென்பொருள் எதுவும் இருக்கக் கூடாது. 2020இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் அப்டேட்டின் கையொப்பம் முறைப்படி சரியாகவே இருந்தது. பில்ட் நடக்கும் இடத்திலேயே நஞ்சு கலந்துவிட்டதால், சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது முத்திரையோடு போய்ச் சேர்ந்தது.

விண்டோஸ் கேட்கும் கோடு சைனிங் சான்றிதழ் வேறு விஷயம். "தெரியாத வெளியீட்டாளர்" என்ற எச்சரிக்கையைத் தவிர்க்க அது உதவும். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை ஹார்டுவேர் டோக்கன் போன்ற பாதுகாப்பான கருவியில்தான் வைக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் செலவும் சிரமமும் கூடியிருக்கின்றன. முடிந்தால் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டாலும் மேலே சொன்ன சொந்தக் கையொப்பத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பது. பெரிய மென்பொருள்களைப் பார்த்து எல்லோரும் நடுத்திரையில் ஒரு பெட்டியைத் திறந்து "ஆம், இல்லை" கேட்கிறார்கள். பில் கவுண்டரில் இது ஆபத்து. பார்கோடு ஸ்கேனர் கணினிக்குக் கீபோர்டு மாதிரிதான். எண்களை அடித்துவிட்டு கடைசியில் என்டரையும் அதுவே அடிக்கும். பையன் சோப்பை ஸ்கேன் செய்கிற நொடியில் உங்கள் பெட்டி எழும்பினால், அந்த என்டர் "ஆம்" பட்டனில் போய் விழும். யாரும் எதையும் படிக்காமலேயே இன்ஸ்டால் தொடங்கிவிடும், வரிசையில் ஐந்து பேர் நிற்கும்போது. அதனால் பெட்டியே வேண்டாம். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை: "புதுப் பதிப்பு 1.10 வந்திருக்கிறது." மௌஸால் கிளிக் செய்தால் மட்டும் திறக்கட்டும், என்டருக்கு அசையக் கூடாது. நாள் கணக்கை முடித்து மூடும் நேரத்தில் "இப்போது இன்ஸ்டால் செய்யலாமா?" என்று கேளுங்கள். அதுதான் அவருக்கு ஓய்வான நேரம்.

கேட்காமல் இன்ஸ்டால் செய்யலாமா என்றால், உங்கள் நிலையில் கூடாது என்பேன். பிரவுசருக்குத் தானாக அப்டேட் ஆவது நல்லது. அதன் பின்னால் பெரிய சோதனைக் குழு இருக்கிறது, திரும்பப் பெறும் வழியும் இருக்கிறது. நீங்கள் தனி ஆள். ராத்திரி வெளியிட்ட பதிப்பில் ஒரு பிழை இருந்தால், காலையில் அறுபது கடையிலும் ஒரே நேரத்தில் பில் நிற்கும்; அறுபது போன் வரும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் கோப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதைப் படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தார்கள். உங்களுக்குச் சுலபமான வழி இருக்கிறது. சோதனைக்கென்று இன்னொரு ஜேசான் கோப்பு வையுங்கள். உங்களோடு பழக்கமுள்ள, பேச்சுக்கு எட்டுகிற இரண்டு மூன்று கடைகள் அதைப் பார்க்கட்டும். அங்கே ஒரு வாரம் ஓடிய பிறகு மற்றவர்களின் கோப்பில் எண்ணை ஏற்றுங்கள்.

இன்ஸ்டால் செய்யும் வேலையை இன்னோ செட்டப் போன்ற ஒன்றிடமே விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்இயின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. நிரலை மூடவைத்து, மாற்றி, திரும்பத் திறக்கும் வேலையை அது செய்துகொள்ளும். உங்கள் கவனம் டேட்டாபேஸில் இருக்கட்டும். புதுப் பதிப்பு டேபிளில் ஒரு கட்டத்தைச் சேர்க்கிறதென்றால், அதற்கு முன் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். எஸ்கியூஎல் சர்வரின் பேக்கப் கட்டளையால் எடுங்கள், கோப்பை நகலெடுத்து அல்ல. பேக்கப் தோற்றால் அப்டேட்டும் நிற்க வேண்டும். மூன்று கவுண்டர் உள்ள கடையில் ஒன்று மட்டும் புதுப் பதிப்புக்கு மாறி டேபிளையும் மாற்றிவிட்டால் மற்ற இரண்டும் தடுமாறும். டேட்டாபேஸிலேயே ஒரு எண்ணை வைத்து, திறக்கும்போது ஒவ்வொரு கவுண்டரும் அதைப் பார்க்கட்டும். தன்னைவிடப் புதிய டேட்டாபேஸ் என்று தெரிந்தால் பில் போடாமல், "இந்தக் கவுண்டரையும் அப்டேட் செய்யுங்கள்" என்று சொல்லி நிற்கட்டும்.

உங்களை அலையவிட்ட ஜிஎஸ்டி விகிதத்துக்கு வருகிறேன். விகிதத்தை மாற்ற மென்பொருளையே மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் அங்கே உண்மையான சிக்கல். கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3, நடைமுறைக்கு வந்தது 22. இடையில் இரண்டரை வாரத்துக்கும் மேல் இருந்தது. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5, சோப்பு ஷாம்பு 18இலிருந்து 5, பெரும்பாலான மருந்துகள் 12இலிருந்து 5, சிமென்ட் 28இலிருந்து 18. இவையெல்லாம் ஒரு டேபிளில் இருக்க வேண்டிய தகவல். ஹெச்எஸ்என் எண், விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று கட்டங்கள். அப்டேட்டைப் பார்க்கிற அதே கேள்வியோடு "புது விகிதப் பட்டியல் இருக்கிறதா" என்றும் கேட்கட்டும். அதற்கும் அதே கையொப்பம். இன்னொரு முறை மாறினால், பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவிடலாம். குறித்த தேதியன்று காலை கடை திறக்கும்போது தானாகப் புது விகிதம் பிடித்துக்கொள்ளும். டேபிளில் உள்ள பழைய விகிதத்தை மேலெழுதி அழித்துவிடாதீர்கள். 12 சதவீதத்தில் பில் போட்டுப் பணமும் வாங்கிய மருந்து திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் 12 சதவீதத்தில்தான் போட வேண்டும்.

பட்டியல் இறங்குவதற்குக் கடைக்காரரைக் கேட்க வேண்டுமா? இறக்கிக்கொள்ளலாம். நடைமுறைக்கு வரும் முன் என்னென்ன மாறுகிறது என்று ஒரு பக்கத்தில் காட்டி, அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பில்லில் ஏறட்டும். தவறான விகிதத்துக்கு நோட்டீஸ் வருவது அவர் பெயருக்குத்தான்.

கேட்கும்போது என்ன அனுப்புகிறீர்கள் என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். ஓடுகிற பதிப்பின் எண்ணைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கடையின் ஜிஎஸ்டி எண், அன்றைய விற்பனை, எத்தனை பில் என்றெல்லாம் சேர்த்து அனுப்பினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கலாம். ஆனால் அப்டேட் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதை எடுப்பது நம்பிக்கைத் துரோகம். உக்ரைனில் பதிவு எண் எப்படிப் பயன்பட்டது என்று மேலே பார்த்தோம். செட்டிங்ஸில் இந்த வசதியை அணைக்க ஒரு இடமும், "இப்போதே பார்" என்று ஒரு பட்டனும் வையுங்கள். பட்டனை அழுத்திக் கேட்டவருக்கு மட்டும் நெட் இல்லையென்றால் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டும்.

வெளியிடும் முன் சில சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். புதுப் பதிப்பை இன்ஸ்டால் செய்வது ஏற்கெனவே கடையில் இருக்கும் பழைய பதிப்பின் கோடு. அதில் பிழை இருந்தால் அப்டேட் மூலமாக அதைத் திருத்த வழியே கிடையாது. ஆகவே அப்டேட் வசதியுள்ள முதல் பதிப்பைக் கடைகளுக்குக் கொடுக்கும் முன், எதுவுமே மாறாமல் எண் மட்டும் ஏறிய அடுத்த பதிப்பு ஒன்றைத் தயாரித்து, பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்றில் முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ப் பாருங்கள். பிறகு கையொப்பக் கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். மென்பொருள் இன்ஸ்டால் செய்ய மறுக்க வேண்டும். டவுன்லோடின் நடுவில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். தேதியை 2009க்கு மாற்றுங்கள். முதல் சோதனையில் அப்டேட் ஒழுங்காக முடிந்து, மற்ற மூன்றிலும் பில் திரை ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால், கடைகளுக்குக் கொடுக்கலாம்.